ஆடி மாதம் அத்தை காத்த வீடு

நான் கதவைத் திறந்தபோது அத்தை எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நாங்கள் பிடித்திருந்த வாடகை வீட்டின் மாடி, ஆடி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் சாமான் என்று ஒன்றும் கிடையாது. நட்ட நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் என் மாமியார். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, மடியில் அவித்த கடலைக்காயை வைத்து உரித்துத் தின்றுகொண்டிருந்தார். “வந்துட்டீங்களா” என்றார், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியிருந்தது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறவராகத்தான் அவரை அதுவரை பார்த்திருக்கிறேன். மகன் வந்தாலும் எழுவார், பால்காரர் வந்தாலும் எழுவார், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் எழுவார். முட்டி வலியோ என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, நல்லாத்தான் இருக்கறேன்” என்று சொல்லி அடுத்த கடலையை உடைத்தார். வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டது போல எனக்கு ஒரு தடுமாற்றம்.

அவர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் நான்தான். என்னைக் கஞ்சம் என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, காசின் அருமை தெரிந்தவள் என்று நினைத்துக்கொள்கிறேன். என் கணவருக்கு ஆவணி பிறந்ததும் சேலத்தில் புது வேலையில் சேர வேண்டும். மகள் ஏற்கெனவே கல்லூரி விடுதியில். நாமக்கல் வீட்டுக்கு ஆடி முடியும்வரை வாடகை கொடுத்தே தீர வேண்டும். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டைப் பார்க்கப் போனபோது கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒரு வழி சொன்னார். “ஆடியில யாரும் குடிவர மாட்டாங்க, வீடு சும்மாதான் கெடக்கும். நீங்க ஆனியிலேயே பால் காய்ச்சிட்டா ஆடி வாடகை எனக்கு வேண்டாம். ஆனா பால் காய்ச்சின வீடு இருட்டாக் கெடக்கக் கூடாது. யாராச்சும் கூடவே இருந்து தினம் விளக்கு வைக்கணும்.” எனக்கு அங்கேயே மனசுக்குள் எல்லாம் ஓடிவிட்டது. வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்க வேண்டிய ஒரு மாத வாடகை மிச்சம். ஆவணியில் எல்லோரும் வீடு மாற்றுகிற நெரிசலில் மாட்டாமல், ஆடியில் சும்மா நிற்கிற வண்டியைப் பாதி வாடகைக்குப் பிடிக்கலாம். குடிபோனது ஆனியில்தான், சாமான் போவதுதான் ஆடியில் என்று ஊர் வாயையும் மூடிவிடலாம். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

யார் இருந்து விளக்கு வைப்பது? கணவருக்கு நாமக்கல்லில் பழைய வேலை முடியவில்லை. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருந்தேன், அங்கேயும் மாதக் கடைசிவரை விட மாட்டார்கள். “அத்தை இருந்துக்கட்டுமே” என்று சமையலறையில் நின்று கணவரிடம் சொன்னேன். அத்தை பக்கத்திலேயே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் கேட்கவில்லை, அவர் காதில் விழும்படி சொன்னேன். எருமப்பட்டியில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுத்து, மாமனார் போன பிறகு எங்களோடு நாமக்கல் வந்தவர். அறுபத்தைந்து வயதுவரை ஒரு ராத்திரிகூட ஒரு வீட்டில் தனியாகப் படுத்ததில்லை. “செரி சாமி” என்றார். காய் நறுக்கிய கை நிற்கவே இல்லை. ஆனிக் கடைசியில் பால் காய்ச்சிவிட்டு, ஒரு பாய், நாற்காலி, வாளி, ஒற்றை அடுப்பு, இரண்டு பாத்திரம், விளக்கு, பட்டன் போன், இவற்றோடு அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். நான் மிச்சமாகப் போகிற பணத்தில் வாங்க வேண்டிய திரைச்சீலையின் நிறத்தை யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது ஞாயிறு போனபோது கதவு பூட்டியிருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, “உங்க மாமியாரா? காலையிலயே கிளம்பிட்டாங்களே. ரொம்ப ஜாலியான மனுஷிங்க அவங்க” என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அத்தையைப் பொறுமைசாலி என்பார்கள், வாயில்லாப் பூச்சி என்பார்கள். ஜாலி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். “எங்கம்மாளக் கட்டாந்தரையில போட்டுட்டு நீ வாடகைய மிச்சம் புடிக்கறயா? ஊசி போற எடம் பாக்கறவ ஒலக்கை போற எடம் பாக்க மாட்டா” என்று கணவர் பொரிந்து தள்ளினார். பயம் எனக்கும் இருந்தது.

நாலு மணி வாக்கில் அத்தை வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது, கையில் ஒரு துணிப்பை. “ஜலகண்டாபுரம் போயிருந்தேன்” என்றார். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். “ஒருத்தருமில்ல. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன். பொம்பளைங்களுக்குத்தான் டவுன் பஸ்ஸுல காசு கேக்கறதில்லையே.” தறி ஓடுகிற சத்தம் கேட்ட ஒரு தெருவில் நடந்தாராம். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டதற்கு மோரே கொடுத்தார்களாம். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாராம். “எதுக்குங்க அத்தை போனீங்க?” என்றேன். “சும்மாத்தான்.” காசில்லாமல் போய் வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்தச் ‘சும்மா’தான் உறுத்தியது. என் கணவருக்கு அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று சந்தேகம். அங்கேயே உட்கார்த்தி வைத்துச் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தை ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னார், யார் யாருக்கு என்ன சீர் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். விளக்கு ஒரு நாளும் தவறியதில்லை, எங்கே போனாலும் ஆறு மணிக்குள் வந்துவிடுவார் என்று வீட்டுக்கார அம்மாவும் சொன்னார். எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆடிக் கடைசி வாரத்தில் சாமான்களை ஏற்றினோம். என் சிக்கனம் உச்சிக்குப் போன நாள் அது. கண்ணாடி டம்ளர்களையெல்லாம் முட்டைக் கடையில் சும்மா கிடைத்த முட்டை அட்டைகளில் அடுக்கினேன், ஒன்றுகூட உடையவில்லை. துணிமணிகளைக் கோழித் தீவனச் சாக்குகளைத் துவைத்து அதில் கட்டினேன், மூன்று மாதம் எங்கள் மேல் கோழிப்பண்ணை வாசம் போகவில்லை. சுமக்கிற ஆட்களுக்குப் பதில் கணவரின் நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டேன், அவர்கள் தின்ற பிரியாணிக்கு எட்டு ஆட்களை வைத்திருக்கலாம். சேலத்தில் சாமான் இறங்கும்போது அத்தை மாடிப்படி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பீரோ வரத் தன் சிவப்பு நாற்காலியை ஹாலிலிருந்து அறைக்கு நகர்த்தினார். கட்டில் வர அறையிலிருந்து பால்கனிக்கு நகர்த்தினார். அங்கே துணி காயப்போடும் ஸ்டாண்டு வந்தது. “எதை எங்க வைக்கறதுன்னு நீங்க சொல்லுங்க அத்தை” என்று கூப்பிட்டேன். “உங்க ஊடு, உங்களுக்கு எப்புடித் தோணுதோ அப்புடி வைங்க சாமி” என்றார். வேலை மும்முரத்தில் அந்தப் பேச்சு எனக்கு உறைக்கவில்லை.

சாமான் வந்த எட்டாம் நாள் காலையில் நான் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் நின்றார். “நான் ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்கக் கூடாது. பக்கத்துல எங்கயாச்சும் ஒரு ரூமு பாத்துக் குடுங்க. நான் தனியா இருந்துக்கறேன்.” என் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன்? சோற்றில் குறை வைத்தேனா, வார்த்தையில் குத்தினேனா? ஒரு மாதம் தனியாக விட்டதற்குத் தண்டனையா? தண்டனை என்றால் இவர் ஏன் தனியாகவே இருக்கக் கேட்கிறார்? கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “நான் என்னம்மா கொறை வெச்சேன்?” என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். “ஒரு கொறையுமில்ல கண்ணு” என்றார் அத்தை. ஏதாவது குறை சொல்லியிருந்தால் காலில் விழுந்தாவது சரிசெய்திருப்போம். கிழக்குப் பார்த்த அறையை முழுக்க உங்களுக்கே விட்டுவிடுகிறேன் என்றேன், தனியாக ஒரு டிவி வாங்கித் தருகிறேன் என்றேன், கடைசியில் அழுதும் பார்த்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, முதலில் சொன்னதையே மறுபடியும் சொன்னார்.

செய்தி எட்டி, எருமப்பட்டியிலிருந்து என் கணவரின் அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் பக்கம் அந்த உறவை நங்கையா என்போம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஆடியில ஊடு மாத்துனது பத்தாதா? எங்கம்மாளத் தனியா வேற தாட்டி உடறயா? நாளைக்கு ஒறம்பரை கேட்டா என்ன பதில் சொல்லுவே?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். மருமகள் மாமியாரைத் துரத்திவிட்டாள் என்பார்கள். உள்ளேயிருந்து அத்தையின் குரல்தான் வந்தது. “அவ ஒண்ணும் தாட்டல, நானாத்தான் போறேன். மொதல்ல வந்து சோறு தின்னு, பொறவு பேசலாம்.”

இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறை கிடைத்தது. ஆடியில் மிச்சம் பிடித்ததை முழுக்க அதற்கு அட்வான்ஸாகக் கொடுத்தோம். அதுவும் போதாமல் கையிலிருந்து மேலே போட்டோம். அன்றைக்குத்தான் என் கணவர் பல நாள் கழித்துச் சிரித்தார், “ஒலக்கை போயிருச்சு பாத்தயா” என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அடித்துக்கொள்ளவும் தோன்றியது. அங்கே பால் காய்ச்சுகிற அன்று நான்தான் அடுப்பு முன்னால் போய் நின்றேன். எங்கள் வீட்டில் காய்ச்சியபோது, புருஷன் இல்லாதவர் நல்ல காரியத்தில் முன்னால் வரக் கூடாது என்று அத்தை தானாகவே சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தார். இங்கே என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். “குடு சாமி, என்ர ஊட்டுக்கு நானே பத்த வெக்கறேன்.” நங்கையா வாயைத் திறந்தார், அப்படியே மூடிக்கொண்டார். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. நானாக இருந்தால் ஒரு சொட்டு பொங்கியதும் அணைத்திருப்பேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

சில மாதம் கழித்து, மனசு தாங்காமல், அந்த அறையில் உட்கார்ந்து நேரடியாகவே கேட்டுவிட்டேன். “உண்மையச் சொல்லுங்க அத்தை. எங்கிட்ட என்னங்க புடிக்கல?” அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டே. அந்த ஒரு மாசம் வெளியில கெளம்புனா, எங்க போறீங்க, எப்ப வருவீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அறுவது வருசத்துல அதுதான் மொதலு.” எனக்குச் சுருக்கென்றது. “அக்கறையிலதானுங்க கேக்கறோம்” என்றேன். “தெரியுஞ்சாமி. அதனாலதான் இத்தன நாளும் பதில் சொன்னேன்” என்றார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாலு வருஷமாகத் தடுமாறுகிறேன். என்னை யாரும் அப்படிக் கேட்காவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். கணவர் கேட்பார், என் அம்மா போனில் கேட்பார், கீழ்வீட்டு அம்மாவும் கேட்பார். கேட்க ஆள் இருப்பதுதான் வாழ்க்கை என்று இருந்துவிட்டேன். ஒரு சமயம், யாரும் தராத ஒன்றை அவருக்கு நான்தான் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று தோன்றுகிறது. இன்னொரு சமயம், ஒரு மாத வாடகைக்கு ஆசைப்பட்டுக் குடும்பத்தை இரண்டாக்கியவள் என்று தோன்றுகிறது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்துக் குசுகுசுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அத்தை பண்டிகைக்கு வருகிறார், காய்ச்சல் வந்தால் எங்களைக் கூப்பிடுகிறார், மற்றபடி அவர் பாட்டுக்கு இருக்கிறார்.

போன வாரம் கடைக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் அத்தையைப் பார்த்தேன். வழித்து வாரிய தலை, தோளில் பை, காலில் புதுச்செருப்பு. வண்டியை ஓரங்கட்டினேன். “எங்க” என்று தொண்டைவரை வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். “சாப்ட்டீங்களா அத்தை?” “ஆச்சு சாமி.” அதற்குள் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார். அது எந்த ஊர் பஸ் என்று முன்பக்கத்துப் போர்டில் எழுதியிருக்கும். நான் எதிரேயிருந்த பழக்கடையின் பக்கம் திரும்பி, அங்கே தொங்கிய வாழைத்தாரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் போன சத்தம் அடங்கிய பிறகுதான் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, கணவரிடமிருந்து போன். “அம்மா போனை எடுக்கல. எங்க போயிருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க” என்றேன். பொய் இல்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்று நான் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.