சூப்பு ஊற்றாத பாத்திரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஏறக்குறைய ஒன்றரை வருஷம், வியாழக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் ஆறு கல்லூரிப் பெண்கள் சாப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அன்றுதான் விடுமுறை. ஐந்து மணிக்கு வருவார்கள். சுவிசேஷத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பார்கள். பிறகு சாப்பாடு. விடுதியில் இருப்பவர்களை எட்டு மணிக்குள் அதை நடத்தும் கன்னியாஸ்திரீகளிடம் கொண்டுபோய் விட வேண்டும். எல்லாம் என் மனைவியின் ஏற்பாடு. அவளும் அதே கல்லூரியில் படித்தவள். கோவில் வாசலில் யாராவது பாராட்டினால் மட்டும் அது என் ஏற்பாடாகிவிடும்.

பங்குச் சாமியார் அனுமதி கொடுத்தபோது, வாசிக்கலாம், ஜெபிக்கலாம், ஆனால் வியாக்கியானம் பண்ணக்கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிய ஏமாற்றம். நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். இரண்டு மொழியிலும் வியாக்கியானம் பண்ணத் தயாராக இருந்தேன். அனுமதி இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருந்தால் யாராவது சந்தேகம் கேட்காமலா போவார்கள் என்று முதல் வியாழனன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க, அடுப்புல கொழம்பு தீயுது போல, பாருங்க" என்றாள் மனைவி.

குழம்பு தீயவில்லை. சமையலறையில் அதைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றிலிருந்து என் இடம் அதுதான் என்று ஆயிற்று. பாத்திரங்களைச் சுமந்துவந்து மேஜையில் வைப்பேன். அதையும் கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டுக்கொண்டு செய்தேன். காரைக்காலிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், தகப்பன் இல்லாதவள், வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "பட்லர், இங்க கொஞ்சம் தண்ணி" என்றாள். மற்ற ஐந்து பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்ததற்கு அதிலும் ஒரு பங்கு இருக்கலாம்.

இனி அந்தப் பாத்திரம். ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு நீதிபதியின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, பூப்போட்ட, மூடிபோட்ட, இரண்டு காதுள்ள ஒரு பெரிய பீங்கான் பாத்திரத்தை எடுத்தேன். சூப்பு பரிமாறுவதற்கானது. சூப்பு ஊற்றியதும் அடியில் இருந்த விரிசல் வழியாக மேஜை முழுவதும் ஓடியது. சூப்பு வீணானதில் பெண்களுக்கு வருத்தமே இல்லை. "ரசம் இருந்தா போதும்க்கா" என்று என் மனைவியிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார்களாம். முள்ளுக்கரண்டிகளைப் பத்திரமாக ஓரம் தள்ளிவைத்துவிட்டு, மீன்குழம்பைக் கையால் பிசைந்து, வழித்துச் சாப்பிட்டார்கள்.

சூப்புக்கு உதவாத பாத்திரத்துக்கு மனைவி வேறு வேலை கொடுத்தாள். வந்தவுடன் ஒவ்வொருவரும் தன் வேண்டுதலை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல், மடித்து அதில் போட வேண்டும். சாப்பிட்ட பிறகு ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். யாருடையதோ அந்த வேண்டுதல், அடுத்த வியாழன் வரை அதற்காக ஜெபிப்பது எடுத்தவள் பொறுப்பு. யாரிடமும் சொல்லக்கூடாது. அடுத்த வாரம் சீட்டை அடுப்பில் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு பெண்கள் மழை பெய்தாலும் தவறாமல் வந்தார்கள். என் மீன்குழம்புதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குழம்பு கூட நான் வைத்ததல்ல.

ஒரு வியாழன், முன்னறையில் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. பாத்திரம் சாப்பாட்டறை அலமாரிமேல் இருந்தது. நான் அதைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சீட்டுகளை எடுத்துப் படித்தேன். ஏன் என்று கேட்டால், விருந்து கொடுக்கிறவனுக்கு விருந்தாளிகளின் குறைகள் தெரிந்திருப்பது நல்லது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோர்ட்டில் இதைவிட மோசமான வாதங்களையும் மொழிபெயர்த்திருக்கிறேன்.

ஐந்தாவது சீட்டில் இப்படி இருந்தது: "அப்பா சைகோன் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லுவதற்குள் பிரெவே பரீட்சையை எழுதிவிட வேண்டும். டீச்சராக வேண்டும்." பெயர் இல்லாவிட்டால் என்ன? அந்தக் கூட்டத்தில் சைகோன் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது ஊருக்கு வெளியே சாரம் கிராமத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர் ஒருவர் வீட்டில்தான். அவர் மகள்தான் ஆறு பேரில் கெட்டிக்காரி. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

காலடி கேட்டது. சீட்டுகளை மடித்து உள்ளே போட்டு, கையில் கிடைத்த, தண்ணீர் சொட்டும் துணியால் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இன்னா பண்றீங்க?" என்றாள் மனைவி.

"தூசி. கழுவிட்டேன்."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு போனாள். அன்று செக்குக்காரர் மகளின் சீட்டு காரைக்கால் பெண்ணின் கைக்குப் போனது; தன் சீட்டின் மடிப்பை எழுதியவளும் அடையாளம் கண்டுகொண்டாளாம்.

கடவுள் அந்த வேண்டுதலைக் கவனிக்க நேரம் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியது போலும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆள் தள்ளும் புஷ்வண்டி பிடித்துச் சாரத்துக்குப் போனேன், அதே கோட்டோடு. செக்குக்காரர் மோர் கொடுத்து உபசரித்தார். பெண் கல்வியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன், பாதி பிரெஞ்சில். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. மனுஷன் பொறுமையாகக் கேட்டார்.

"நானும் இன்னும் முடிவு பண்ணல, முசியே. பரீட்சை முடியட்டும்னுதான் அவங்க அம்மாவும் சொல்றா" என்றார்.

அத்தோடு மோரைக் குடித்துவிட்டு எழுந்திருக்கலாம். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் என் பேச்சால் கிடைத்ததாக இல்லையே! முத்தாய்ப்பாக ஒன்று சொல்ல ஆசைப்பட்டேன். "உங்க பொண்ணு இதுக்காக எவ்வளவு உருக்கமா எழுதி வெச்சு ஜெபம் பண்றா தெரியுமா?"

அவர் முகம் மாறியது. "எழுதி வெச்சாளா? எங்க?"

சொன்னேன். பாத்திரம், சீட்டு, ஆளுக்கு ஒன்றாக எடுப்பது, எல்லாம்.

"எங்க வூட்டுக் கல்யாணப் பேச்ச ஊர்ப் பொண்ணுங்க சீட்டுக் குலுக்கி எடுக்குதுங்களா?" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். நான் வந்த புஷ்வண்டியைத் தேடி வெயிலில் வெகுதூரம் நடந்தேன்.

அடுத்த வியாழன் அவள் வரவில்லை. கல்லூரிக்கும் வரவில்லை. ஒன்றரை மாதத்தில் கல்யாணம் முடிந்து கப்பல் ஏறிவிட்டாள். பரீட்சை அதற்குப் பிறகுதான் நடந்தது. போவதற்கு முன் ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றபடி காரைக்கால் பெண்ணைக் கேட்டாள்: "எஞ் சீட்டு உங்கிட்டதான வந்துச்சு? யார்கிட்டடி சொன்ன?" காரைக்கால் பெண் அழுது, யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். தகப்பன் என் பெயரை மகளிடம் சொல்லவில்லை. என் மரியாதையைக் காப்பாற்றியது அவர்தான்.

நான் அப்போது சமையலறையில் இருந்தேன். ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். பத்தடி தூரம். எல்லாம் காதில் விழுந்தது. ரொட்டியை மிக மெல்லிசாக, ஒரே அளவாக வெட்டினேன்; என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வெட்டியதில்லை.

காரைக்கால் பெண்ணும் வருவதை நிறுத்தினாள். மற்றவர்கள் சீட்டு எழுத யோசித்தார்கள். தவக்காலம் வருவதற்குள் வியாழக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. அந்தப் பெண் என்னைப் பட்லர் என்று கூப்பிட்டிருக்காவிட்டால் அன்று வெளியே வந்து சொல்லியிருப்பேனா? பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவள்மேல் பழி விழுந்தபோது, மனத்தின் மூலையில் ஒரு சின்னக் குரல், 'தண்ணி கேட்டாயே' என்றது. அது என் குரல்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மூன்று ஜெபமாலை சொல்லு, அந்தப் பெண்ணிடம் போய் உண்மையையும் சொல்லு என்றார். ஜெபமாலை மூன்றையும் அன்றே முடித்துவிட்டேன்.

இருபது வருஷம் கழித்து, சைகோனிலிருந்து பலரும் திரும்பிய சமயத்தில், செக்குக்காரர் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. மீன்குழம்பு வைத்தோம். கையால் பிசைந்து, வழித்துச் சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருந்தேன்க்கா. அவரு நல்லவரு" என்றாள் மனைவியிடம். "பசங்களுக்குப் பாடம் சொல்லித்தரணும்னு ஒரு ஆசை. எம் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன், அவ்ளோதான்." பிறகு அலமாரிமேல் இருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். "அந்தக் காரைக்கால்காரிய மட்டும் மன்னிக்க முடியல. கடுதாசி போட்டா, நாலு தடவ. பிரிக்காமயே கிழிச்சிட்டேன்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் யாருக்கும் அமையாது. நான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்றேன்.

அவள் போன பிறகு மனைவி மேஜையைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். "சூப்பே ஊத்தாத பாத்திரத்த அன்னிக்கு எதுக்குக் கழுவுனீங்க?"

நான் தட்டுகளை அடுக்கினேன்.

"எழுத்து தெரியலன்னு காரைக்கால் பொண்ணு அன்னிக்கு எங்கிட்ட அந்தச் சீட்டக் காட்டுச்சு. மை கலைஞ்சு ஈரமா இருந்திச்சு. நீங்க படிச்சது அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." துணியைப் பிழிந்தாள். "இருபது வருஷமா பாத்தேன். நானும் வாயத் தொறக்கல. அது எம் பாவம், அத நான் பாத்துக்கறேன். நீங்க உங்களுத எழுதுங்க. ரெண்டு பேருக்கும்."

அன்று மாலையே பிரெஞ்சில் நான்கு பக்கம் எழுதினேன். மனித மனத்தின் பலவீனத்தைப் பற்றி முதல் இரண்டு பக்கம். மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டாள். "தமிழ்ல எழுதுங்க. சின்னதா."

எழுதினேன். காரைக்காலுக்குப் போன கடிதம் இவ்வளவுதான்: "உன் கைக்கு வந்த சீட்டை உனக்கு முன்னால் படித்தவன் நான். அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னவன் நான். நீ வாசலில் அழுதபோது உள்ளே ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவனும் நான்."

இரண்டு கடிதங்களையும் தபால்பெட்டியில் போட நான் சட்டையை மாட்டினேன். மனைவி அவற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க, நான் போறேன்" என்று செருப்பைத் தேடினாள்.