வலக்கைக்குக் காவல்

எட்டு வயதில் எனக்கு ஒரு பணி கிடைத்தது. அம்மாவின் வலக்கை அவளது இடது அக்குளை நோக்கிப் போகும்போதெல்லாம் அதைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். பணியில் அமர்த்தியவர் அப்பா. கொட்டாரம் ஊரில் உரக்கடை வைத்திருந்த அவர் பகலெல்லாம் கடையில் இருந்தார். எனக்கோ பள்ளி விடுமுறை.

அதற்கு முந்தைய ஆண்டு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இடப்பக்கத்தை அறுத்தெடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி முழுவதும் கொட்டியது. பிறகு சுகமாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். நானும் வகுப்பில் சொன்னேன். முடியும் முன்னைப்போல் அல்லாமல் சுருள்சுருளாக முளைத்தது. ஆயினும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாகர்கோவிலுக்குப் போய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டுமாம். சுகமானவளை எதற்காகச் சோதிக்கிறார்கள் என்பது என் முதற் குழப்பம். சோதனை நாள் நெருங்க நெருங்கச் சுகமானவள் நோயாளியைப்போல் ஆனது இரண்டாவது.

குழம்பில் இருமுறை உப்பு விழுந்தது. இருமினால் நெஞ்சுக்குப் போய்விட்டது என்றாள். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கை. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நடுவில் அறுந்துபோக, அது முந்தானைக்கு அடியில் நுழைந்து எதையோ தேடும். அலமாரிக் கண்ணாடியின் முன் நின்று தேடுவதே மிகுதி என்பதால் அப்பா அதன்மேல் செய்தித்தாளை ஒட்டினார். அதுவும் பயன்படாமற் போகவே என்னை அழைத்தார்.

"சும்மா சும்மா தொட்டுப் பாக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கை அங்க போனா பிடிச்சு இழு மக்கா. பக்கத்துல ஆரு நிக்கான்னும் பாக்காண்டாம்."

நான் கடமை தவறாதவள். முதல்நாள் பதினொரு முறை இழுத்தேன். "ஏட்டி, அப்பா உன்னப் போலீசுல சேத்து விட்டாரா?" என்று அம்மா சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கை மறுபடியும் போயிற்று. நானும் மறுபடியும் இழுத்தேன்.

சோதனைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வழிபாட்டிடமான தாங்கலுக்குப் போனோம். எங்கள் குடும்பம் அய்யாவழியில் நிற்பது. தாங்கலின் கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது. விளக்குகளுக்கு இடையே ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும். வணங்குகிறவர் அதில் தம்மையே கண்டு வணங்க வேண்டும். வீட்டில் மூடிவைக்கப்பட்ட பொருள் இங்கே கும்பிடத்தக்கதாக நின்றதன் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. அப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் நின்றார். எல்லாரும் சேர்ந்து ஓதும் படிப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணாடியையே பார்த்தாள். கூப்பிய கைகள் பிரிந்தன. வலக்கை மெல்ல இறங்கி முந்தானைக்குள் நுழைந்தது.

பக்கத்தில் யார் நிற்கிறார் என்று நான் பார்க்கவில்லை. பாய்ந்து இரு கைகளாலும் பற்றி இழுத்தேன். கையோடு முந்தானையும் வந்துவிட்டது. இரவிக்கையின் ஒருபக்கம் தட்டையாகக் கிடந்ததைக் கண்ணாடியில் நான் கண்டேன். பின்னால் நின்றவர்களும் கண்டார்கள். "பிள்ளைய வளத்திருக்க லெச்சணத்தப் பாரு" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு என்னை வெளியே கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் கையைப் பிடித்துத் தன் அக்குளில் வைத்தாள்.

"அமுக்கிப் பாரு. கட்டி மாதிரி ஏதாம் தட்டுப்படுதா?"

தையலிட்ட சாக்கின் விளிம்புபோல் ஒரு தழும்பு தட்டுப்பட்டது. கட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "ஒண்ணும் இல்ல" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பாட்ட சொல்லப்பிடாது, என்னா?"

அன்றுமுதல் எனக்கு இரண்டு பணிகள். அப்பாவுக்காக அம்மாவின் கையைத் தடுத்தேன். அம்மாவுக்காக என் கையால் தேடினேன். ஒன்று மற்றொன்றுக்கு முரண் என்று தோன்றியது. ஆனால் அதை யாரிடம் கேட்பது?

புதன்கிழமை நாகர்கோவில் போனோம். படம் எடுத்தார்கள், ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். மாலையில் எல்லாவற்றையும் பார்த்த மருத்துவர், அஞ்ச ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அப்பா எங்களை உணவகத்துக்கு அழைத்துப் போனார். அம்மா இரண்டு ரசவடை தின்றாள். பேருந்தில் என் தோளில் சாய்ந்து உறங்கினாள். வீட்டுக்கு வந்து விளக்கேற்றிய கையோடு என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள்.

"ஒருக்கா பாரு மக்கா."

அவ்வளவு பெரிய பொறி பார்த்துச் சொன்ன பிறகு என் விரல் எதற்கு? அமுக்காமலேயே இல்லை என்றேன். அவளும் நம்பினாள்.

மறுநாள் குளிக்கும்போது, கட்டி இல்லாத அக்குள் எப்படி இருக்கும் என்று அறிய என் அக்குளை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே குன்றிமணி அளவில் ஏதோ உருண்டு நழுவியது. யாரிடமும் சொல்லவில்லை. அது இருக்கிறதா என்று அறியாமல் சோறு இறங்கவில்லை. இருக்கிறது என்று அறிந்த பிறகும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் முற்பகலில் படம் வரைந்துகொண்டிருந்தேன். முறத்தோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என் இடக்கையில் வண்ணக்குச்சி இருந்தது. வலக்கை சட்டைக்குள் இருந்தது.

"அங்க என்னத்தட்டி தேடுத?"

"கட்டி" என்றேன்.

முறத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு என்னருகே அமர்ந்தாள். தொட்டுப் பார்த்தாள். சிறுபிள்ளைகள் எல்லாருக்கும் உள்ளதுதான், ஒன்றுமில்லை என்றாள். பிறகு என் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அம்மாவின் கை அங்கே போனதை நான் பார்த்ததில்லை. அடுத்த சோதனைக்கு நாள் குறித்தபோதும் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. பேச்சும் நடுவில் அறவில்லை. குளிக்க மட்டும் முன்னைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். கதவடைத்து, குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் உள்ளேயே இருப்பாள். வெளியே நின்று, சீக்கிரம் வரச்சொல்லி நான் கத்துவேன். அப்படி ஒருநாள் கத்திக்கொண்டிருக்கும்போது கடையிலிருந்து அப்பா வந்தார். அம்மாவுக்குப் பயம் போய்விட்டது, இனி நான் காவல் நிற்க வேண்டாம் என்று அவரிடம் பெருமையாக அறிவித்தேன்.

அப்பா குளியலறைக் கதவையே பார்த்தார். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"சரி மக்கா" என்றார்.