அண்ணையின் துவக்கு உரிமப் படிவம்

எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்புவது என் வேலை. மென்பொருள் சோதிப்பவளுக்குப் பெட்டிகளைக் கண்டால் பயமிருக்காது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். ஸ்பொன்சரில் இந்த நாட்டுக்கு வர விண்ணப்பித்த காலத்திலிருந்தே எங்களுக்கு ஒரு முறை உண்டு: நோய், வழக்கு, மனநலம் என்று எதைக் கேட்டாலும் முதலில் ‘இல்லை’ போட்டுவிடுவது. பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன வருடம் அண்ணைக்கு, வங்கிக் காசு ஏற்றும் வண்டியில் காவலாளி வேலை சரிவந்தது. துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருக்க உரிமம் எடுத்தால்தான் வேலை. வகுப்பும் சோதனையும் முடிந்து படிவம் மட்டும் மிச்சம். ஒரு ஞாயிறு மத்தியானம் மொன்ட்ரியால்-நோரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

“நோட்டரியம்மா வந்திட்டா. தேத்தண்ணி குடும்,” என்று தன் மனைவியிடம், என் மச்சாளிடம், சொன்னார்.

வழக்கம்போல் பெட்டிகளில் புள்ளடி போட்டபடியே கேள்விகளை வாசித்தேன். கடந்த ஐந்து வருடத்தில் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தீர்களா, தற்கொலைக்கு முயன்றீர்களா என்ற இடத்தில் அண்ணை, “ஓம்,” என்றார்.

“பகிடி விடாதேங்கோ. ‘இல்லை’ போட்டிட்டன்.”

“வெட்டிப் போட்டு மாத்து.”

குசினியில் மச்சாள் குழாயை மூடினார். “இல்லையெண்டே கிடக்கட்டும். வேலை போயிடும்.”

அவர் அதை முன்பே அறிந்திருந்தார். நான்தான் அறியாதவள். இரண்டு குளிர்காலத்துக்கு முன், அண்ணை வேலையாக டொரொன்டோ போயிருக்கிறார் என்று நான் நம்பிய நாட்களில், என் வீட்டிலிருந்து நாலு மெட்ரோ நிலையம் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அந்த நாட்களில் நான் அவருக்கு, அங்கேயுள்ள தமிழ்க் கடைகளில் வாங்கிவரச் சொல்லி, எண் போட்டு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தேன்: மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, கருவாடு, வெள்ளிக் கொலுசு. ‘சரி’ என்று பதிலும் வந்தது. ஒன்றும் குறையாமல் எல்லாம் வந்து சேர்ந்தன.

“அவற்ற போனில பதில் போட்டது நான்தான்,” என்றார் மச்சாள். “எல்லாம் இஞ்ச வாங்கினது. ஒடியல் மாவுக்குத்தான் அலைஞ்சிட்டன்.”

ஒடியல் மா பழசு என்று அப்போது குறை வேறு சொல்லியிருந்தேன்.

செய்யத் தெரிந்ததைச் செய்தேன். குறிப்புகளை இரண்டு தரம் வாசித்தேன். ‘ஓம்’ என்றால் உடனே மறுப்பதில்லை. விவரம் எழுத வேண்டும், விசாரிப்பார்கள். வேறொரு படிவம் எடுத்தேன். அண்ணை சொல்லச் சொல்ல எழுதினேன்.

“ஒரு கிழமை ஆஸ்பத்திரியில...”

“பதினெட்டு நாள்,” என்றார் மச்சாள்.

பிறகு, கணவர் துவக்கு எடுப்பது தெரியும் என்று மனைவி கையெழுத்து வைக்கும் இடத்தை மச்சாளுக்குக் காட்டினேன். அவர் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து வாசித்தார். பேனையை மூடி மேசையில் வைத்தார்.

“நான் வைக்கமாட்டன்.”

“‘இல்லை’ எண்டு போட்டிருந்தா?” என்று கேட்டார் அண்ணை.

“வைச்சிருப்பன்.” சொல்லிவிட்டு வாயைப் பொத்தினார். “ஐயோ, வைச்சிருப்பனப்பா. உங்கட கையில துவக்குக் குடுக்கச் சொல்லி.”

கையெழுத்து இல்லாவிட்டால் அதிகாரிகள் மச்சாளோடு கதைப்பார்கள் என்றேன்.

“கேக்கட்டும். நடந்ததைச் சொல்றன்.”

அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “அப்பிடியே அனுப்பு,” என்றார்.

அந்த இடத்தை வெறுமையாகவே விட்டேன். உறையை ஒட்ட என் நாக்கில் ஈரமில்லை. மச்சாள்தான் விரலில் தண்ணீர் தொட்டு ஒட்டினார்.