வெறும் ஓட்டம்

கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் பதினெட்டு அடி. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவை எளாவூர் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே நான் நடந்து அளந்தேன். கூடத்தில் ஏழு, சமையலறையைத் தாண்ட ஐந்து, புழக்கடையில் ஆறு. வேனிலிருந்து இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மருமவ கையால எனக்குப் பீ அள்ள உட்டுடாத நைனா. அங்க வரைக்கும் நானே போறதுக்கு ஒரு வழி பண்ணு. வேற எதுவும் வாணாம்."

என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஆந்திர எல்லையோரம் பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவள், அந்த ஊர் வாய் அப்படி. எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை வைத்து, இருபத்தைந்து வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்றே காலம் தள்ளியவள். அவள் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கடையைக் கழுவிவிட்ட ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் தொடையெலும்பின் தலையை எடுத்துவிட்டு இரும்புக் குண்டு ஒன்றைப் பொருத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுத்த பெண்மணி ஒருத்தர் இருந்தார். அவருடைய அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வெளிநாட்டில் எங்கோ ஒரு கிழவரைப் பட்டைகளால் தொங்கவிட்டு, அவர் கால்களின் மேல் இரும்புக் கால்களைக் கட்டி, ஓடும் பெல்ட்டின் மேல் ஒரு ரோபோ நடக்க வைத்துக்கொண்டிருந்தது. நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் சிரித்தார்.

"அதெல்லாம் இங்க எப்போ வரும்னு தெரியாது சார். காலையில பத்து அடி, சாயந்திரம் பத்து அடி, வாக்கரைக் குடுத்து நீங்க இடுப்பைப் புடிச்சிக்கினு நடக்க வையுங்க. தினமும் ரெண்டு அடி ஏத்துங்க. அவங்களா கால ஊனணும், அதான் முக்கியம்."

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. அதாவது, வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் ரோபோக்காரன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு கம்பெனியில் வெல்டிங் ரோபோ இரண்டு வந்து இறங்கியிருந்த காலம் அது. அவற்றைப் பழக்கவும் பழுது பார்க்கவும் என்னைத்தான் போட்டிருந்தார்கள். தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட என்னை 'ரோபோ அண்ணே' என்றுதான் கூப்பிடும். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்.

முதல் மூன்று வாரம் சொன்னபடிதான் செய்தேன். ஷிப்டுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அம்மாவை எழுப்பி, வாக்கரைக் கையில் கொடுத்து, இடுப்புக்குப் பின்னால் கையைக் கோத்து நடத்தினேன். முதல் நாள் இரண்டு அடி. பல்லைக் கடித்துக்கொண்டு என் சட்டையைக் கசக்குவாள். மூன்றாவது வாரக் கடைசியில் ஒன்பது அடி, அதாவது சமையலறை வாசற்படி தாண்டியாகிவிட்டது. ஆனால் எனக்குப் பொறுமை போதவில்லை. ஒரு நாளைக்கு எண்ணாயிரம் வெல்டு அடிக்கும் இயந்திரத்தோடு பழகியவனுக்கு ஒன்பது அடி என்பது ஒரு கணக்கா?

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு மெஷின் செய்தேன். பழைய லாரியின் வைப்பர் மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்க இரண்டு சைக்கிள் பல்சக்கரம், அலுமினியத் தண்டவாளம், அதன் மேல் போய் வரும் ஒரு தொட்டில். காலை அந்தத் தொட்டிலில் வைத்து ஒட்டுப் பட்டையால் கட்டிக்கொண்டால், மோட்டார் முழங்காலை மடக்கும், நீட்டும், மடக்கும், நீட்டும். கரண்டு போனாலும் ஓட பேட்டரி வைத்தேன். கம்பெனியில் கழித்துப் போட்ட பிரஸ் மெஷினிலிருந்து கவுண்ட்டர் ஒன்றைக் கழற்றி வந்து பொருத்தினேன். கால் ஒரு தடவை போய் வந்தால் ஒன்று ஏறும். அம்மாவின் கைக்கு எட்டும்படி சுவிட்ச். பட்டையையும் அவளே மாட்டிக்கொள்ளலாம், அவளே கழற்றலாம். என் மனைவியும் பாக்கிங் வேலைக்குப் போகிறவள், பகலில் வீட்டில் ஆள் கிடையாது என்பதால் அந்த ஏற்பாடு. பெட்பேனைக்கூட நான் வந்துதான் எடுத்துக் கழுவுவேன், மனைவியைத் தொடவிட மாட்டேன்.

அம்மா மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுவா என்ன நடக்க வெக்கப் போவுது?" என்றாள்.

"தினமும் ஆயிரம் தடவ ஓட்டும்மா. ரெண்டே மாசம். நீயே எழுந்து போயிடுவ."

அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் முதல் கேள்வி, "இன்னிக்கு எவ்ளோ?" முதல் நாள் நூற்று நாற்பது. என் முகம் சுருங்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் முந்நூறு. அந்த வாரக் கடைசியில் ஆயிரம், அதற்கப்புறம் ஒரு நாளும் ஆயிரத்துக்குக் குறையவில்லை. ஆயிரம் ஆனபின் எதற்கு அவளை எழுப்பி நடத்துவது? பாவம், களைத்திருப்பாள் என்று நானே முடிவு செய்தேன். வாக்கரைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதில் என் மனைவி துண்டு காயப்போட ஆரம்பித்தாள்.

ஒரு நாள் அவள்தான் சொன்னாள். "அத்தை தொடையைப் பாத்தீங்களா? கைத்தண்டி ஆயிடுச்சி. பாதம் வீங்கிக்கினு இருக்குது."

"கவுண்ட்டரப் பாரு," என்றேன். இந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மெஷின் வந்த ஏழாவது வாரம் ஒரு நாள் வெல்டிங் கேஸ் வண்டி வராமல் லைன் நின்றுவிட்டது. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியை வாசலில் நிறுத்தும்போதே மெஷின் சத்தம் கேட்டது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ரோபோவுக்குப் புதிதாக ஒன்றைப் பழக்கினால், இரும்பு எதுவும் வைக்காமல் முதலில் சும்மா ஓட்டிப் பார்ப்போம். டிரை ரன் என்போம். மோட்டார் பாரத்தோடு ஓடுகிறதா, வெறுமனே ஓடுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லுவேன் என்று ஷாப்பில் பீற்றிக்கொள்கிறவன் நான். ஜன்னலுக்கு வெளியே நின்றபடி கேட்டேன். மோட்டார் லேசாக, சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே பார்த்தேன். தொட்டில் தன் பாட்டுக்குப் போய்ப் போய் வந்தது. அதில் கால் இல்லை. அம்மா கட்டிலில் சுவரைச் சாய்ந்து, ஆபரேஷன் செய்த காலைத் தலையணை மேல் வைத்து, அதன் மேல் போர்வையைப் போட்டிருந்தாள். கண் கவுண்ட்டர் மேலேயே இருந்தது.

நான் உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவள் செய்ததுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட குழந்தை போல, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி, ஓடிக்கொண்டிருந்த தொட்டிலில் வைக்கப் பார்த்தாள். வலியில் முகம் கோணியது. "ஆயிரம் ஆவப்போவுது நைனா," என்றாள். "இன்னும் கொஞ்சந்தான்."

சுவிட்சை அணைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ரெண்டாவது நாள்லேர்ந்து. பிடுங்கி எடுக்குது நைனா. ராவெல்லாம் எரியுது."

"சொல்றதுதானே?"

"நீ செஞ்சதாச்சே. ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கற. வாணாம்னு எப்படிச் சொல்லுவேன்? நம்பர் கொறஞ்சா உன் மூஞ்சி வாடிப்பூடுது."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. "நான் நடக்க வெச்சப்போ மட்டும் வலிக்கலியா?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பவும் வலிச்சிச்சி," என்றாள். "நீ புடிச்சிக்கினு இருந்தே."

அன்று சாயங்காலமே வாக்கரிலிருந்த துண்டை எடுத்துவிட்டு அவளை எழுப்பினேன். நிற்கவே முடியவில்லை. ஆறு வாரமாக ஒரு தடவைகூடத் தரையில் ஊன்றாத கால், நடுங்கி மடிந்தது. மறுநாள் இரண்டு அடி. பழையபடி முதலிலிருந்து. நான் லீவு போட்டுவிட்டுக் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நடத்தினேன். ஒவ்வோர் அடிக்கும் வாய்விட்டு எண்ணினேன், அவளும் சேர்ந்து எண்ணினாள். நான்கு, ஆறு, ஏழு. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று. சமையலறைக்குள் நின்றுகொண்டு புழக்கடைக் கதவைப் பார்த்தாள். "தெரியுது பாரு கக்கூஸு," என்று சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த வாரமே காய்ச்சல் கண்டது. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்றார் டாக்டர். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கே என் மனைவிதான் எல்லாம் அள்ளினாள். ஒவ்வொரு தடவையும் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஏழாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தாள்.

கம்பெனியில் இப்போது ஆறு ரோபோ இருக்கிறது. டிரை ரன் ஓட்டும்போது நான் பக்கத்தில் நிற்பதில்லை, வேறு ஆளை நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவேன். காரணம் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மெஷினைப் பிரித்து இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். கவுண்ட்டர் மட்டும் பரணில் கிடக்கிறது. போன மாதம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கையில் வந்தது. துடைத்துப் பார்த்தேன். நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் காட்டுகிறது. கக்கூஸுக்குப் பதினெட்டு அடிதான். அம்மா பதினோரு அடி வந்தாள்.