கூடைக்குள் இருக்கும் எண்

கண்டாவு தீவுக் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவன் எமோசி. ஆள் முழுக்க வாய். எந்தப் பயணியையும் மனதில் ஒரு எண் நினைக்கச் சொல்வான். கூட்டிக் கழிக்கச் சொல்வான். கடைசியில் மிஞ்சுவதைப் பளிச்சென்று சொல்லிவிடுவான். ஆளுக்கு ஆள் விடை மாறும் என்பதால், அவன் மனதைப் படிப்பவன் என்றே தீவு நம்பியது. தான் கூட்டச் சொன்னதில் பாதிதான் விடை என்பது அவனுக்குத் தெரியும். ஏன் என்று அவனும் யோசித்ததில்லை.

ஒரு மத்தியானம் துறையில் வாசிதி என்ற பெண், உதவி கேட்பவர்கள் காணிக்கையாக வைக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை அவன் முன் வைத்து உட்கார்ந்தாள். அவள் முடைந்த பாய்களைக் கப்பலில் ஏற்றத்தான் கேட்பாள் என்று நினைத்து, வழக்கப்படி கட்டைத் தொட்டு, கை குவித்துத் தட்டிவிட்டான் எமோசி. தட்டியபின் கேட்டதை மறுக்கக் கூடாது.

"என் மவன் இலியேசா மீனுக்குப் போயித் திரும்பல. அவன் மனசு எங்கயாவது ஓடிக்கிட்டிருக்கா? பாத்துச் சொல்லு தம்பி."

"உன் கைக்கு வாயை விட அவசரம் மச்சான்," என்றான் பக்கத்தில் நின்ற சமிசோனி, அவனோடு சரக்கு ஏற்றுகிறவன்.

இருக்கான் என்று ஒரு வார்த்தை போதும், அவள் சந்தோஷமாகப் போய்விடுவாள். ஆனால் எமோசி அதைச் சொல்லவில்லை. அவளுடைய மூடிபோட்ட கூடையை வாங்கிப் பலகையில் வைத்தான்.

"ஒரு நம்பர் நினைங்கம்மா. அது இதுக்குள்ள இருக்கு. ரெண்டு மடங்காக்குங்க." சமிசோனியின் கூடையை அருகில் வைத்தான். "இதுலயும் அதே நம்பர். எட்டைக் கூட்டுங்க." எட்டுச் சிப்பிகளை வைத்தான். "பாதியாக்குங்க." சமிசோனியின் கூடையையும் நான்கு சிப்பிகளையும் ஒதுக்கினான். "நீங்க நினைச்சதைக் கழிங்க." அவள் கூடையை அவள் மடியிலேயே வைத்தான்.

பலகையில் நான்கு சிப்பிகள் இருந்தன.

"நாலுதான் எனக்கும் வருது," என்றாள் வாசிதி.

"கூடைக்குள்ள நான் பாக்கவே இல்லம்மா. யார் மனசையும் பாத்ததில்ல. இலியேசா பத்தி எனக்குத் தெரியாது."

அவள் சிப்பிகளையே பார்த்தாள். "கடல்ல இருக்குற மீன் அத்தனையும்னு நினைச்சா?"

"நாலுதான்."

"அது எவ்வளவுன்னு யாருக்குமே தெரியாதே."

"தெரிய வேண்டியதில்லம்மா," என்றவனுக்கே உடம்பு சிலிர்த்தது. எண்ண முடியாத அந்தக் கடல் மொத்தமும் ஓலைக்கூடைக்குள் அடங்கி, கணக்குப் பிசகாமல் வெளியே போகிறதே! ஊரை மயக்கிய வித்தை அன்றைக்குத்தான் அவனை மயக்கியது. பிறகு வேர்க்கட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"எடுத்துக்கங்கம்மா. எங்கிட்ட பதில் இல்ல."

"இருக்கான்னு சொன்னவனும் வாங்கிக்கிட்டான், செத்துட்டான்னு சொன்னவனும் வாங்கிக்கிட்டான். தெரியலன்னு சொன்னது நீ ஒருத்தன்தான். வெச்சுக்க."

வாசிதி எழுந்தாள். மூடியைத் திறக்காமலே கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு கரையை நோக்கி நடந்தாள். அவளுடையது அவளோடு போயிற்று. எமோசி கொடுத்த நான்கு சிப்பிகள் மட்டும் பலகையில் கிடந்தன.