வால்சிங்காம் மேரி

நான் சண்டைக்காரன். பஸ் கண்டக்டர் முதல் தாசில்தார் வரை யாரையும் விட்டதில்லை. ஆனால் ஒரு நாள் கோழையாகப் போய் நின்றேன்.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பெண். வால்சிங்காம் என்ற இங்கிலாந்துக் கிராமத்தில் மாதா கோயிலை ராஜா இடித்ததையும், பல நூறு வருஷம் கழித்து சனங்கள் மறுபடி கட்டியதையும் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். என் வீடும் அப்படி எழும்பட்டும் என்று அந்த ஊர்ப் பேரையே சேர்த்து வால்சிங்காம் மேரி என்று வைத்தேன். லூர்து, பாத்திமா என்று வேறு மாதா கோயில் ஊர்களின் பேரை வைத்த சொந்தக்காரர்களே சிரித்தார்கள். ரேஷன் கார்டு எழுதிய கிளார்க் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான்.

தொண்ணூறுகளில் அவள் பத்தாம் வகுப்பு படித்தாள். சான்றிதழில் வரும் பேரைச் சரிபார்க்க திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"மேரின்னு மட்டும் போடுங்க சார். போற எடமெல்லாம் பிள்ளையக் கேலி பண்ணுவாங்க" என்றேன்.

வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார்" என்றாள் மகள். என் பக்கம் திரும்பினாள். "ராசா இடிச்சதையே திரும்பக் கட்டுனாகன்னு நீங்கதானப்பா சொன்னீக? ஒரு கிளார்க்கு சிரிச்சதுக்கா இடிக்க வந்துட்டீக?"

வாத்தியார் சிரித்துவிட்டார். "வீட்லயும் இப்படித்தானா?"

"எம்பிள்ள சார், வேற எப்படி இருப்பா?" என்றேன். முழுப் பேரையும் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

எத்தனையோ சண்டையில் ஜெயித்திருக்கிறேன். தோற்றுவிட்டு நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தது அன்றைக்கு மட்டும்தான்.