சாபியைத் திருப்பு

டில்லியில் பிறந்து வளர்ந்த தமிழனை இரண்டுங்கெட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் கும்பகோணத்துத் தமிழ், தெருவில் இந்தி, வாயில் வருவது இரண்டும் கலந்த அவியல். எழுபதுகளின் கடைசியில் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படித்தேன். அந்த அவியல்தான் என் கையைக் கெடுத்தது.

அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டால் வீட்டை அவன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வில் தேறினால் அரசாங்க ஒர்க்‌ஷாப் ஒன்றில் என்னை எடுத்துக்கொள்வதாக இருந்தது. ஆக, எங்கள் வீடு அந்த ஒரு தேர்வை நம்பி நின்றது.

வகுப்பில் இன்னொரு தமிழன் உண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்து முனிர்காவில் அறை எடுத்திருந்தான். இந்தி அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. வாத்தியார் சொல்வதை நான்தான் அவனுக்குத் தமிழில் சொல்வேன். அதாவது, என் தமிழில்.

டில்லி மெக்கானிக்குகள் ஸ்பேனரை ‘சாபி’ என்பார்கள். வண்டிச் சாவியும் அவர்களுக்குச் சாபிதான். எனக்கு அதில் குழப்பமே வந்ததில்லை. அவனுக்கு வரும் என்றும் தோன்றியதில்லை.

அன்று பயிற்சிக் காரில் ஃபேன் பெல்ட் மாற்றினோம். பேட்டரி ஒயரை யாரும் கழற்றவில்லை. நான் பானெட்டுக்குள் குனிந்து, இடது கையால் டைனமோவைக் கம்பி போட்டு நெம்பிக்கொண்டு, வலது கை விரல்களால் பெல்ட்டின் விறைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று போல்ட்டை இறுக்க வேண்டியது அவன்.

“சாபியைப் போட்டுத் திருப்புடா. ஜல்தி.”

“இப்பமேவாலே?”

“சொன்னதைச் செய்யேன்.”

அவன் ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் போட்டுத் திருப்பினான்.

பெல்ட் என் விரல்களை இழுத்துக்கொண்டு கப்பிக்குள் போனது. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். நான் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு யாருடைய கையோ போல இருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தப்பித்தன, ஆனால் மடங்கவில்லை. தொட்டால் உணர்ச்சியும் இல்லை.

அவன் கட்டிலருகே நின்று அழுதான். “நீ சாவின்னுதானலே சொன்ன?”

“சாபின்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானலே?”

ஒன்றுதான். அவன் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தின்றேன்.

தையல் பிரித்த கொஞ்ச நாளில் தேர்வு வந்தது. எனக்கு விழுந்தது ஸ்பார்க் பிளக் வேலை. பழைய பிளக்குகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்ட வேண்டும். பிளக்கை முதலில் விரலால்தான் திருக வேண்டும், ஸ்பேனர் பிறகு. மரை நேராகப் பிடித்ததா, கோணலாக ஏறுகிறதா என்பதை விரல்தான் சொல்லும். என் விரல் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் முயன்றேன். அது அந்த வேலைக்குப் பழகாத கை. பிறகு எப்படியோ ஆகட்டும் என்று ஸ்பேனரை வைத்து இறுக்கினேன். கரகரவென்று சத்தம் வந்தது. மரை போய்விட்டது.

பரீட்சகர் சர்தார்ஜி என் கையைத் தூக்கிப் பார்த்தார். “கோயீ பாத் நஹீ, பேட்டா”, பரவாயில்லை மகனே என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். நான் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு பஸ் பிடித்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அதுகூட நல்லதாகத்தான் பட்டது.

திருநெல்வேலிக்காரன் தேறிவிட்டான். வீட்டில் அதையும் சேர்த்துச் சொன்னேன்.

“அவனுக்காவது கெடச்சுதே” என்றாள் அம்மா. அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்கு எது தவறினாலும் அவர் சொல்கிற யோசனை ஒன்றே ஒன்றுதான். அவர் சாப்பிட்ட சோறு அதிலிருந்து வந்தது.

“போனாப் போறதுடா. நாளைக்கே டைப்ரைட்டிங் கிளாஸ்ல சேந்து...” என்று ஆரம்பித்தவர் என் கையைப் பார்த்தார்.

அம்மா, சாமான் கட்டுவதற்குச் சாக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று அப்பாவிடம் கேட்டாள்.